சந்தனம் அடைத்த பூஜ்யம்

அம்மா நாற்பது பொட்டு வைத்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசை நோம்பி. எங்கள் சாளை வாசலைச் சாணி போட்டு வழித்து, அரிவாள், மம்முட்டி, மருந்தடிக்கிற டப்பா, அப்பாவின் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்திருந்தோம். சாளை என்றால் தோட்டத்துக்குள்ளேயே பண்ணையத்து ஆட்கள் குடியிருக்கும் சின்ன ஓட்டு வீடு. வரிசையின் கடைசியில், ஒரு வாழை இலைமேல், கம்ப்யூட்டர். கறுப்பாக, தட்டையாக, பெரிய டிபன் பாக்ஸை யாரோ மிதித்துவிட்ட மாதிரி இருக்கும். அதன்மேல் நாற்பது ரப்பர் பொத்தான்கள்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் குந்தினாள்.

"ஏங் கண்ணு, இதுல எதுக்குப் பொட்டு வெக்கறது? பொட்டிக்கா, இந்தப் பொத்தானுங்களுக்கா?"

பத்து வயதில் எனக்கு எதைக் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்லிவிட வேண்டும். "ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு வேல செய்யும்மா" என்றேன்.

"அப்ப ஒவ்வொண்ணும் ஒரு ஆயுதந்தான். ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு உட்டா நல்லாவா இருக்கும்?"

கீழ்வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வைத்தாள். சந்தனம், அதன்மேல் குங்குமம். மேல்வரிசையின் வலது ஓரத்தில் இருப்பது பூஜ்யம். அதுதான் கடைசி. விரலில் மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் அதன்மேல் வழித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

பின்னால் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்த அக்கா சொன்னாள்: "பொட்டு வெக்கறியா, எண்ண தேச்சுத் தண்ணி வாக்கறியா? போதும்மா."

மறுநாள் காலை ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தோம். முப்பத்தொன்பது பொத்தான்கள் வேலை செய்தன. பூஜ்யம் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையெழுத்து

சென்ற வாரம் இந்தத் தொடரில் அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படிக்கவே இன்னும் நேரம் வாய்க்கவில்லை. மன்னியுங்கள். கொஞ்ச நாளாகவே களைப்பாக இருக்கிறது.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கைபேசி விளையாட்டுகள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விளையாட்டின் கட்டங்களை, அதாவது லெவல்களை, அமைக்கிறவன் நான். ஆடுகிறவர் எந்த இடத்தில் தோற்க வேண்டும், எந்த இடத்தில் கொஞ்சத்தில் ஜெயித்திருப்போமே என்று அவருக்குத் தோன்ற வேண்டும், எந்த இடத்தில் விளம்பரம் வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என் பொறுப்பு. இப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேலை அதுதான்.

இந்த வேலைக்கான நேர்காணலில் நான் ஒரு கதை சொன்னேன். பத்து வயதில், தொண்டாமுத்தூர் பக்கத்துத் தோட்டமொன்றில், பூஜ்யம் என்ற பொத்தானே இல்லாத கம்ப்யூட்டரில், யானை வருகிற ஒரு விளையாட்டை நான் உருவாக்கிய கதை. கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் கதை இத்தனை வருஷம் கழித்து என்னைத் தேடி வந்தது. போன மாதம் எங்கள் மேனேஜர் பிரவீன் அழைத்தார். நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார்.

"ஏனுங்க குமரேசன், உங்க யானை கேமையே நம்ம அடுத்த கேமா விட்டர்லாமுங்க. உங்க கதையோட. சின்ன வயசுல நீங்க செஞ்சதுன்னு ஒரு வீடியோ. ஜனங்க உருகிப்போயிருவாங்க."

ஒரு படிவம் கொடுத்தார். 'இந்த விளையாட்டின் எண்ணமும் ஆக்கமும் முழுக்க முழுக்க என்னுடையது' என்று நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த வெள்ளிக்கிழமைக்குள்.

பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன்.

பரண் மேலிருந்து வந்தது

அப்பா வேலை பார்த்த தோட்டத்தின் முதலாளிக்கு டவுனில் மில் இருந்தது. அவருடைய மகன் சின்ன வயதில் ஆடிய கம்ப்யூட்டர் அது. டிவியில் சொருகி ஆடுகிற, வீட்டுக் கம்ப்யூட்டர்கள் என்று வந்தவற்றில் ஆகப் பழைய ஜாதி. மகன் அமெரிக்கா போய், அங்கேயே பிள்ளை குட்டியும் ஆகிவிட்டது. பங்களாவுக்கு வெள்ளையடித்தபோது பரண் மேலிருந்து இறக்கிய சாமான்களில் அப்பாவுக்குக் கிடைத்தவை மூன்று: ஒரு இரும்புக் கட்டில், ஒரு மீன்தொட்டி, இந்தப் பெட்டி.

மீன்தொட்டியில் அம்மா புளி போட்டு வைத்தாள்.

பெட்டியோடு ஒரு புத்தகம் வந்தது. அட்டை கிழிந்து, கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. அதில் விளையாட்டுகள் இருந்தன. எழுத்தாக. அதைப் பார்த்து வரி வரியாகத் தட்டினால் டிவியில் விளையாட்டு ஓடும்.

தட்டியதைச் சேமிக்க வேண்டுமென்றால் டேப் ரெக்கார்டரும் அதற்கென்று ஒரு வயரும் வேண்டும். அப்பாவுடன் உக்கடம் பழைய சாமான் கடைகளுக்குப் போனேன். ஒரு கடைக்காரர் பெட்டியின் பின்னால் இருந்த ஓட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கு வயர் வேணும்னா இதச் செஞ்சவன் ஊட்டுக்குத்தானுங்க போகோணும்" என்றார். அப்பா அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு, "அது எந்தூருங்க?" என்று கேட்டார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு கமர்கட் கிடைத்தது. வயர் கிடைக்கவில்லை.

அதனால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அம்மா டிவி பார்க்க வயரைப் பிடுங்கினாலும் போச்சு. மறுநாள் முதல் வரியிலிருந்து மறுபடி தட்ட வேண்டும். தோட்டத்து லைனில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது மின்வாரியத்துக்கே தெரியாது.

அக்கா சொல்வாள், நான் தட்டுவேன்

அக்காவின் பெயர் சாந்தாமணி. என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அப்போது ஆங்கில எழுத்துகளைப் பொத்தான்களில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வேர்த்துவிடும். அக்காவுக்கும் வார்த்தைகள் தெரியாது, ஆனால் எழுத்துகள் தண்ணீர்பட்ட பாடு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு குறியாகச் சொல்வாள். நான் தட்டுவேன்.

"பி, ஆர், ஐ, என், டி. ஒரு எடம் உடு. மேல ரெண்டு கோடு."

மேல ரெண்டு கோடு என்றால் மேற்கோள் குறி. அரைப்புள்ளிக்கு 'சொட்டும் வாலும்' என்று பேர். சின்னது, பெரிது என்ற குறிகள் 'இந்தப் பக்கம் வாய்', 'அந்தப் பக்கம் வாய்'. இன்றைக்கும் கம்பெனியில் கோட் எழுதும்போது என் வாய்க்குள் 'அந்தப் பக்கம் வாய்' என்றுதான் ஓடுகிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேரம் தட்டினால், அரை மணி நேரம் ஆடலாம். ஆடுவதைவிடத் தட்டுகிற நேரந்தான் அதிகம். அப்போது அது குறையாகவே தெரியவில்லை. தட்டும்போதே அக்கா, "இந்த எண்ண மாத்திப் பாப்பமா?" என்பாள். அஞ்சை எட்டாக்கினால் விண்கலம் தத்தித் தத்திப் போகும். ஒன்பதாக்கினால் திரையை விட்டே ஓடிவிடும். புத்தகத்தில் இருந்த விளையாட்டு கொஞ்சம் கொஞ்சமாக எங்களுடையதாகிக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில்தான் அம்மா நாற்பது பொட்டு வைத்தாள்.

ஒன்றில் ஒன்றைக் கழி

பூஜ்யம் போனதென்றால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வரிக்கும் எண் போட வேண்டும். பத்து, இருபது, முப்பது என்று போடுவது வழக்கம். புத்தகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. எங்களால் பத்துகூடப் போட முடியாது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது மதிப்பெண் பூஜ்யம் என்று சொல்ல முடியாது.

நான் அழுதேன். அம்மாவைத் திட்டினேன். அம்மா பதறிப்போய்க் குச்சியால் பூஜ்யத்தின் ஓரத்தை நோண்டினாள். அது இன்னும் உள்ளே போனது.

அக்கா இரண்டு நாள் அந்தப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுவிட்டு வந்து, கையில் ஒட்டிய தூசியைப் பாவாடையில் துடைத்தபடி சொன்னாள்: "ஏன்டா, சைபர் வேணும்னா ஒண்ணுல ஒண்ணக் கழிச்சா வராதா?"

தட்டிப் பார்த்தோம். வந்தது.

"பத்து?"

"ஒம்பதும் ஒண்ணும்."

"வரி நெம்பரு?"

"பதினொண்ணுல இருந்து ஆரம்பி. இருபதத் தாண்டிரு, முப்பதத் தாண்டிரு. பத்துலதான் ஆரம்பிக்கோணும்னு அந்தப் பொட்டி கேட்டுச்சா?"

ஒரு நீளநோட்டு எடுத்து, விளையாட்டு முழுவதையும் பூஜ்யம் இல்லாமல் தன் கையெழுத்தில் எழுதினாள். அவள் அப்போது எட்டாவது. கணக்கில் நூற்றுக்கு முப்பத்தேழு.

தகரத்தை எப்போது நிறுத்துவது

புத்தகத்து விளையாட்டில் சுடுகிற பொத்தான் பூஜ்யம். வேறு பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அக்கா நோட்டைப் பார்த்துக்கொண்டே, "எதுக்குச் சுடோணும்?" என்றாள்.

"எதிரி வாரான்ல?"

"நம்மூருக்கு எவன்டா வாரான்? யானதான் வருது."

அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்து வாழையில் யானை இறங்கியிருந்தது. அப்பாவும் தகரம் தட்டப் போயிருந்தார். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அது மழை பெய்கிற மாதிரி ஒரு சேதி. "போங்க சாமி, போயிருங்க" என்று தட்டுவார்களே தவிர, யாரும் அதை எதிரி என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஆகவே யானை வந்தது. M என்ற எழுத்துதான் யானை. நின்று பார்த்தால் கால் தெரியும், முதுகு தெரியும். Y என்றால் வாழை. I என்றால் அப்பா. அந்தப் பெட்டிக்கு அதற்கு மேல் காட்டத் தெரியாது. இருந்தாலும் இருட்டான திரையின் ஓரத்தில் அந்த M எட்டிப் பார்த்ததும் நான் அக்காவின் பக்கம் நகர்ந்து உட்காருவேன். இப்போது எங்கள் கம்பெனியில் யானையின் காதை மட்டும் மூன்று பேர் மூன்று வாரம் வரைந்தார்கள். காது பிரமாதமாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டம் இதுதான். T பொத்தானைத் தட்டினால் தகரச் சத்தம். யானை ஓர் அடி பின்னால் போகும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் அதன் கோபம் ஒன்று ஏறும். கோபம் ஒன்பதைத் தாண்டினால் நேராகச் சாளைக்கு வந்துவிடும். ஆரம்பத்திலிருந்தே தட்டாமல் விட்டால் வாழையைத் தின்றுகொண்டே வரும். கொஞ்சம் தட்டி ஓரத்துக்குத் தள்ளி, அங்கே ஒரு வரிசையை மட்டும் தின்ன விட்டுக் கையை எடுத்தால், வயிறு நிறைந்து காட்டுக்குத் திரும்பிவிடும். விடிந்துவிட்டது என்று திரை சொல்லும். ஆட்டம் முடிந்தது. ஜெயித்தாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எப்போது கையை எடுப்பது என்பதுதான் விளையாட்டே.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பெரிய M-க்குப் பின்னால் ஒரு சின்ன m வைத்தாள். "குட்டி கூட வந்தா தகரமே தட்டக் கூடாது. தட்டுனா அவ்ளோதான்."

எண்ணம் அவளுடையது. கணக்கு அவளுடையது. நோட்டு அவளுடையது. விரல் என்னுடையது.

முதல் வரியில் பெயர் போட வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். R, E, M என்று ஆரம்பிக்கிற வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது; மனிதர்கள் படிப்பதற்காக மட்டும் இருக்கிற வரி. "ரெண்டு பேரு பேரும் போடலாம்" என்றேன். "நீதான தட்டற, உன்ற பேரையே போடு. எச்சா எழுத்துன்னா தெனம் யாரு சொல்றது?" என்றாள். பதினொன்றாம் வரி: KUMARESAN.

அடுத்த மழைக்காலத்தில் ஆன்டெனா வழியாக இடி இறங்கியது. டிவி, கம்ப்யூட்டர் இரண்டும் ஒரே மாதிரி கருகிப்போயின. அக்கா எட்டாவதோடு நின்றாள். கொஞ்ச நாள் தோட்ட வேலை, அப்புறம் சூலூர் தாண்டி ஒரு நூல் மில்லில் ஹாஸ்டலோடு வேலை. நான் படித்தேன்.

மூன்றாவது வரிசை

இதைத்தான் இத்தனை வாரமாக எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஆண்டு விழா. எனக்கு ஒரு கோப்பை கொடுத்து, மேடையில் ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். வீட்டிலிருந்து யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்து அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். மில்லில் வார லீவை மாற்றி வாங்கிக்கொண்டு, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் பூஜ்யக் கதையைச் சொன்னேன். பொட்டு வைத்ததற்கு அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. "அப்போதுதான் எனக்குத் தோன்றியது, ஒன்றில் ஒன்றைக் கழித்தால் என்ன என்று!" என்றேன்.

எனக்கு என்று சொன்னேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். அவள் தட்டியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை. நேர்காணல், ஆபீஸ் விருந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான் நடந்தது போல ஆகிவிட்டது. அந்தப் படிவத்தில் பேனா நின்ற இடத்தில்தான் மறுபடி நடந்தபடி ஞாபகம் வந்தது.

கொட்டகையில்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மில்லை விட்டுவிட்டாள். இப்போது தொண்டாமுத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே, மாமாவும் அவளும் குத்தகைக்குப் பண்ணையம் பார்க்கிறார்கள். தகரக் கொட்டகையில் சின்ன வெங்காயத்தைக் குவித்துவைத்து, தனியாக உட்கார்ந்து அதன் காய்ந்த தண்டான தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். சருகு காற்றில் பறந்து அவள் தலையெல்லாம் ஒட்டியிருந்தது.

"வாடா. சொல்லாம கொள்ளாம வந்திருக்கற. பொண்ணு ஏதாச்சும் பாத்துப்போட்டியா?"

"இல்லக்கா. ஒண்ணு காட்டோணும்."

கம்பெனி செய்து வைத்திருந்த யானை விளையாட்டைக் கைபேசியில் போட்டுக் கொடுத்தேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். திரையில் கூலிங் கிளாஸ் போட்ட யானை ஆடிக்கொண்டே வந்தது. பட்டாசை வீசினாள். யானை மல்லாக்க விழுந்தது, தலையைச் சுற்றி நட்சத்திரம் பறந்தது. தங்கக் காசுகள் கொட்டின. அடுத்த யானை வந்தது. அதற்கடுத்தது.

"கண்ணாடி எதுக்குடா போட்டிருக்குது?"

"ஸ்டைலுக்குக்கா."

"குட்டி?"

"குட்டி இல்லக்கா."

இன்னும் நாலைந்து பட்டாசு வீசினாள். "எப்ப நிக்கும் இது?"

"நிக்காதுக்கா. போய்ட்டே இருக்கும்."

"பின்ன யான எப்பத்தான் சாப்புடறது?" என்று கேட்டுவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். கத்தியை எடுத்துக்கொண்டாள்.

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். வீடியோவைப் பற்றிச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன், முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்காக.

"அக்கா, அன்னிக்குக் காலேஜ்ல..."

"ஆமா."

"நீ கை தட்டுன."

"எல்லாரும் தட்டுனாங்க, நானுந் தட்டுனேன். தட்டாம உக்காந்திருந்தா பக்கத்துல இருக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"விழா முடிஞ்சு என்னய மில்லுல உடறதுக்கு நீயும் பஸ்ஸுல வந்தியல்ல," என்றாள், "அப்ப நீயா ஏதாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன். சூலூர் தாண்டற வரைக்கும் பாத்தேன். அப்புறம் தூங்கிப்போட்டேன். முந்துன நாளு நைட் ஷிப்டு."

அந்தப் பஸ்ஸில் நான் எனக்குக் கிடைத்த கோப்பையைத் துடைத்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது.

"உன்ற எண்ணம், என்ற எண்ணம்னு எனக்கு அதெல்லாம் இல்லடா," என்றாள். "ஆனா ஒரே ஒருக்கா நீ இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். மேடைல இருந்து."

"கையெழுத்துப் போட மாட்டேங்க்கா. நாளைக்கே சொல்லிப்போடறேன்."

"வேல போயிருமா?"

"தெரியலக்கா."

"போனா இங்க வந்து தாள் அறு." என் பக்கத்துக் குவியலைக் காட்டினாள். "ஆனா உனக்கு எங்க நிறுத்தோணும்னே தெரிய மாட்டேங்குது. பாதி வெங்காயத்தையும் சேத்து அறுத்து வெச்சிருக்கற பாரு."

திங்கட்கிழமை நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிவத்தை எழுதாமலே பிரவீனிடம் திருப்பிக் கொடுத்தேன். செய்தது என் அக்கா என்றேன். அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா கதைன்னா இன்னும் நல்லா உருகுவாங்களேங்க. அவங்க பேரையே போட்டர்லாம்" என்றார். அக்காவின் விளையாட்டில் பட்டாசு கிடையாது, விளம்பரம் வர இடம் கிடையாது, ஆட்டம் முடிந்துவிடும் என்றேன். "முடியறத வெச்சு நாம என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். வெள்ளி வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். இந்த இதழ் கடைகளுக்கு வருவது வியாழக்கிழமை. அவரும் படிப்பார். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடிக் கதவு என் அட்டைக்குத் திறக்குமா, தெரியாது.

கொட்டகைக்குத் திரும்புகிறேன்.

"அந்த நீளநோட்டு இருக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"எது? அட, அதா. ஒரு மழைல அடுப்புப் பத்தலைன்னு உங்க மாமா கிழிச்சுப்போட்டாரு. அவருக்கென்ன தெரியும்?"

எழுந்து பையைத் தேடினேன். கிளம்புகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, தலை நிமிராமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"இருபத்தேழு. ஐ, எஃப். ஒரு எடம் உடு. ஜி, அந்தப் பக்கம் வாய், ஒம்பது..."

கோபம் ஒன்பதைத் தாண்டினால் என்ற வரி. தினம் தினம் கரண்ட் போய், தினம் தினம் அவள் சொன்ன வரி.

"அக்கா, இரு. இரு."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். பழைய கம்ப்யூட்டர்களைப் போல அப்படியே நடந்துகொள்கிற ஒரு மென்பொருள் அதில் இருக்கிறது. திரை கறுத்து, ஓரத்தில் கட்டம் மினுக்கியது. வெங்காய மூட்டைமேல் வைத்துக்கொண்டு, சருகை ஊதிவிட்டு, "மொதல்ல இருந்து சொல்லு" என்றேன்.

"கிறுக்கா உனக்கு? ரெண்டு மூட்ட கெடக்குது."

"நாளன்னிக்கு நான் லீவு போட்டுட்டு வந்து அறுக்கறேன்."

"நீ அறுத்த லட்சணந்தான் பாத்தனே." ஆனாலும் கத்தியைப் பிடித்த கையின் பின்புறத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். குரல் மாறியது. எட்டாவது படிக்கிறவளின் குரல்.

"பதினொண்ணு. ஆர், ஈ, எம். ஒரு எடம் உடு. கே, யூ..."

நான் S தட்டினேன். A தட்டினேன்.

கத்தி நின்றது. அக்கா எட்டித் திரையைப் பார்த்தாள். வார்த்தைகள் இப்போதும் அவளுக்குத் தெரியாது, எழுத்துகள் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொட்டகைத் தகரத்தின்மேல் தென்னம்பாளை ஒன்று விழுந்தது, அதற்கும் அவள் திரும்பவில்லை.

பிறகு ஒரு வெங்காயத்தை எடுத்து அதன் தாளை அறுத்தாள்.

"முழுசாப் போடுறா," என்றாள். "மில்லு அட்டையில எடம் பத்தலைன்னு என்ற பேரப் பாதியோட நிறுத்திப்போட்டாங்க."

முழுசாகத் தட்டினேன். இடம் இருந்தது.